தைராய்டு மாத்திரை 50-லிருந்து 75 ஆக்கி ஒரு மாதம் ஆகப்போகிறது, உடம்பு அப்படியேதான் இருக்கிறது. எவ்வளவு நாள் பொறுப்பது?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு. வயது 38, கூட்டுறவு கடன் சங்கத்தில் வேலை, இரண்டு பிள்ளைகள். மார்கழியிலேயே ஆரம்பித்துவிட்டது. வீட்டில் எல்லோரும் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்க, எனக்கு மட்டும் இரண்டு போர்வை வேண்டியிருந்தது. குரல் கட்டினது கட்டினபடியே இருந்தது, மலச்சிக்கல், காலையில் கண்ணாடி பார்த்தால் கண்ணுக்குக் கீழே வீக்கம், உட்கார்ந்த இடத்தில் தூக்கம். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். மாசியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டி.எஸ்.எச். 18.6, இந்த எண் கூடக்கூட தைராய்டு குறைவு என்று அர்த்தமாம். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் தைராக்சின் 50 மைக்ரோகிராம் ஆரம்பித்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் 8.2. அதனால் 75 ஆக்கி, ஆறு வாரம் கழித்து டெஸ்ட் எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

75 போட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகப்போகிறது. மலச்சிக்கல் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. மற்றபடி அசதி அப்படியே இருக்கிறது, இப்போது குறுவைக் கடன் மனு குவிகிற நேரம், மதியம் மூன்று மணிக்கு மேல் எழுத்தே கண்ணில் ஏறமாட்டேன் என்கிறது. முடி கொட்டுவது நிற்கவே இல்லை, குளியலறை ஜல்லடையில் தினமும் ஒரு உருண்டை எடுத்துப் போடுகிறேன். எடை 67 கிலோ, கூடவும் இல்லை குறையவும் இல்லை. போன வாரம் மாடிப்படி ஏறும்போது சில தடவை நெஞ்சு படபடவென்று அடித்தது. மாத்திரையாலா, பயத்தாலா தெரியவில்லை.

காலை ஐந்தரைக்கு எழுந்ததும் மாத்திரை, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்ததும் காபி, எட்டு மணிக்கு டிபனோடு ஒரு கால்சியம் மாத்திரை (முட்டிவலிக்கு வேறு டாக்டர் கொடுத்தது). இதுதான் என் வழக்கம்.

என் நாத்தனார் 100 போடுகிறார், நன்றாக இருக்கிறார். “நீயும் நூறு போடு, எழுபத்தஞ்செல்லாம் ஒரு அளவா” என்கிறார். என்னிடம் பழைய 50 டப்பாவில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது, இரண்டு போட்டால் நூறு. கை துறுதுறுவென்று இருக்கிறது. இல்லாவிட்டால் இப்போதே போய் டெஸ்டாவது எடுத்துப் பார்த்துவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். மாத்திரை போட்டும் இப்படியே உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று மாமியார் கேட்பது தனிக்கதை.

அரசலாறு:

தங்கச்சி, முதல் வேலையாக அந்த 50 டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். இரண்டாவது, அந்தப் படபடப்பு. அதை ஆறு வாரம் வரைக்கும் தள்ளிப் போடாமல் நாளைக்கே டாக்டருக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அளவு அதிகமானாலும் படபடப்பு வரும், கூடவே கை நடுக்கம், தூக்கம் வராமை, வியர்த்துக் கொட்டுவது எல்லாம் வரும், ஆனால் உங்களுக்கு இருப்பது தூக்கம் வராத கஷ்டம் இல்லை, தூங்கி வழிகிற கஷ்டம், அதனால் காரணம் வேறாகவும் இருக்கலாம். அதை அவர்தான் பார்க்க வேண்டும். படபடப்பு இருக்கும்போது சொந்தமாக நூறு போடுவதைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

நான் கும்பகோணம். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் பிடித்தது எனக்கு, பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. மாத்திரை சாப்பிட்டால் காய்ச்சல் இறங்குகிற மாதிரி ஒரு நாள் காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எதிர்பார்க்கக்கூடாது. ஒவ்வொன்றும் அதனதன் நேரத்துக்குத்தான் போகும். எனக்கு முதலில் சரியானது வயிறுதான், உங்களுக்கும் அதுதான் முதலில் ஆகியிருக்கிறது பாருங்கள், அதனால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அப்புறம் முகத்து வீக்கம் வடிந்தது, மோதிரம் லூசானதை வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தேன். குரல் தெளிந்தது. மதியத் தூக்கம் விட இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று, அதுவும் நேராகப் போகவில்லை, நான்கு நாள் நன்றாக இருக்கும், திரும்ப இரண்டு நாள் படுக்கப் போட்டுவிடும்.

முடிதான் கடைசி. இன்றைக்கு உங்கள் கையோடு வருகிற முடி இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னாலேயே வேரில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்ட முடி. அதாவது டி.எஸ்.எச். 18-இல் இருந்த மாசி பங்குனிக் கணக்கு இப்போது தீர்கிறது. டெஸ்ட் சரியாக வந்த பிறகும் சில மாதம் கொட்டும், அதைப் பார்த்து டோஸைக் கூட்டச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள். நெற்றியோரத்தில் குட்டிக் குட்டியாகப் புது முடி குத்திட்டு நிற்பது தெரிந்தால் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எடையைப் பற்றி யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். தைராய்டு குறைவதால் மட்டும் ஏறுவது பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலைந்து கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் நீரும் உப்பும். அது இறங்கும். மீதி எல்லாம் நம்முடைய மூன்று வேளைச் சோறும் உட்கார்ந்த வேலையும் போட்டது, அதை மாத்திரை இறக்காது. எனக்கு இதை யாராவது அப்போதே சொல்லியிருந்தால் எடை மெஷினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

இப்போது காபிக்கு வருவோம். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு காபியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, ஆனால் மாத்திரையும் காபியும் வயிற்றில் சந்தித்தால் மருந்து முழுசாக உள்ளே போகாது. அரை மணி கட்டாயம், ஒரு மணி இருந்தால் நல்லது. அதுவரைக்கும் வெறும் தண்ணீர்தான். சின்னக் கோலம் போட்டுவிட்டுக் கால் மணியில் உள்ளே வந்து டம்ளரைத் தூக்கினால் போதாது, வெள்ளிக்கிழமைப் படிக்கோலமாகப் போடுங்கள்! கால்சியம் இன்னும் மோசம், அதற்கும் தைராக்சினுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். உங்கள் கணக்குப்படி ஐந்தரைக்கும் எட்டுக்கும் இரண்டரை மணிதான் இருக்கிறது. அதை மதியச் சாப்பாட்டுக்கோ ராத்திரிக்கோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

காலையில் சுத்தமாக முடியாது என்பவர்கள் ராத்திரி படுக்கப்போகும்போதும் போடலாம், கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். என் ஓரகத்தி அப்படித்தான் போடுகிறாள். எதுவானாலும் தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு நாள் காலை ஒரு நாள் இரவு என்று மாற்றினால் டாக்டருக்கு எதை வைத்து அளவு சொல்வது என்று தெரியாது.

குடமுருட்டி:

அரசலாறு அம்மா சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை. நான் லேப் பக்கத்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன். லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன், எவ்வளவு டி.எஸ்.எச். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

இப்போதே டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம், பணம்தான் வீண். தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் ஏழு நாள் எடுக்கும் மருந்து. இதனால்தான் அளவை மாற்றினால் ரத்தத்தில் அது புது மட்டத்துக்கு மெதுவாக ஏறுகிறது. முதல் வாரத்தில் போக வேண்டியதில் பாதி தூரம், இரண்டாவது வாரக் கடைசியில் முக்கால், ஐந்தாவது வாரம் வாக்கில்தான் ஏறக்குறைய முழுசு. அதோடு முடியவில்லை. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது கிடையாது, மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்து “இன்னும் சுர” என்று போடுகிற உத்தரவு. மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த அந்தச் சுரப்பி, ரத்தத்தில் அளவு சரியாகிவிட்டது என்று நம்பித் தன் குரலை இறக்க அதற்கும் கொஞ்ச நாள் வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் ஆறிலிருந்து எட்டு வாரம் என்கிறார்கள். நாலாவது வாரத்தில் எடுத்தால் 5, 6 என்று நடுவில் ஒரு எண் வரும், அதைப் பார்த்து நீங்களும் பயந்து, யாராவது அவசரப்பட்டு 100 ஆக்கி, அடுத்த டெஸ்டில் 0.2-க்கு இறங்கி, திரும்ப 50 ஆக்கி, இப்படி ஒரு வருஷம் ஊஞ்சலாடினவர்களைப் பார்த்திருக்கிறேன். மேட்டூரில் ஷட்டரைத் தூக்கிய அன்றைக்கே கடைமடையில் போய் நின்றுகொண்டு தண்ணீர் எங்கே என்று கேட்கிற கதைதான்.

அதிக அளவு போட்டால் என்ன ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். டி.எஸ்.எச். ரொம்பக் கீழே போய் அப்படியே வருஷக்கணக்கில் இருந்தால் எலும்பு தேயும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும். முட்டிவலி என்று கால்சியம் சாப்பிடுகிற ஆள் எலும்பைக் கரைக்கிற அளவுக்கு மாத்திரை போட்டால் என்ன நியாயம்?

டெஸ்டுக்குப் போகும்போது சில விஷயம். ஒரே லேபில் எடுங்கள், மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும், ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நார்மல் அளவும் மாறும். போன தடவை காலை ஏழு மணிக்குக் கொடுத்திருந்தால் இந்தத் தடவையும் காலையிலேயே கொடுங்கள், டி.எஸ்.எச். ராத்திரியிலும் விடியற்காலையிலும் அதிகமாக இருக்கும், மதியம் குறையும், போன தடவை காலை, இந்தத் தடவை மதியம் என்று எடுத்தால் மாத்திரையால் இறங்கியதா வேளையால் இறங்கியதா என்று சொல்ல முடியாது. அன்றைக்கு மட்டும் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள், கூட ஃப்ரீ டி4 (ரத்தத்தில் இருக்கிற தைராக்சின் அளவு) எழுதியிருந்தால் இது முக்கியம்.

அப்புறம் முடி கொட்டுகிறது என்கிறீர்கள். யாராவது பயோட்டின் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்களா? முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கிறார்களே, 5 மி.கி., 10 மி.கி. என்று, அதுதான். சில மெஷின்களில் அது டெஸ்டையே குழப்பிவிடும், டி.எஸ்.எச்.-ஐ உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவும் டி4-ஐ அதிகமாகவும் காட்டும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிற ஆள் மாதிரி இருக்கும், ஆள் எதிரில் தூங்கி வழிந்துகொண்டிருப்பார். சாப்பிடுகிறீர்கள் என்றால் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்திவிட்டு, லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

நாட்டுமருந்து நேசன்:

இதெல்லாம் வாழ்நாள் முழுக்க உங்களை மாத்திரைக்கு அடிமையாக்கும் வேலை. கொத்தமல்லி விதையை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடியுங்கள், ஒரு மண்டலத்தில் தைராய்டு ஓடிவிடும். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் தொடவே கூடாது. என் சொந்தக்காரப் பெண் மாத்திரையை நிறுத்திவிட்டாள், நன்றாகத்தான் இருக்கிறாள்.

பட்டுக்கோட்டை மெடிக்கல்:

நேசன் சார், கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கட்டும், ரசத்திலும் போடட்டும், அதை யார் வேண்டாம் என்றது. ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்வது வேறு விஷயம். நிறுத்தின முதல் இரண்டு வாரம் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள், மேலே குடமுருட்டி சார் சொன்ன அதே காரணம், மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். கஷ்டம் தெரிய ஆரம்பிக்கும்போது நிறுத்தினதால்தான் என்று யாருக்கும் தோன்றாது. உங்கள் சொந்தக்காரப் பெண்ணுக்கு ஒரு டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் குழந்தைக்குத் திட்டமிடுகிற வயதாக இருந்தால் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், கர்ப்பத்தில் இந்த மருந்து வழக்கத்தைவிட அதிகம் தேவைப்படும், வயிற்றில் இருக்கிற குழந்தை முதல் சில மாதம் அம்மாவின் ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. முட்டைக்கோஸைப் பொரியலாகச் சமைத்து வீட்டில் சாப்பிடுகிற அளவுக்குச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

வெண்ணாறு அக்காவுக்கு. நான் மருந்துக்கடையில் நிற்பவன், டாக்டர் இல்லை, கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். நாத்தனார் டோஸ் நாத்தனாருக்கு. அவருக்குச் சுரப்பியை ஆபரேஷன் செய்து எடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். சுரப்பியே இல்லாதவர்களுக்கு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று ஒரு கணக்கு உண்டு, 60 கிலோ ஆளுக்கு நூறை ஒட்டி வரும். சுரப்பி இன்னும் கொஞ்சம் சுரந்துகொண்டிருக்கிறவர்களுக்கு அவ்வளவு வேண்டாம், குறைகிறதை மட்டும் நிரப்பினால் போதும். அறுபது எழுபது வயது, இதய நோய் எல்லாம் இருந்தால் 12.5 அல்லது 25-இல் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்கள். இதனால்தான் 12.5, 25, 50, 62.5, 75, 88, 100, 112, 125 என்று இத்தனை அளவில் மாத்திரை வருகிறது. கடை ரேக்கில் அடுக்கி மாளவில்லை.

இன்னொன்று, கம்பெனி. தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் எல்லாமே தைராக்சின்தான், எதுவும் மட்டம் கிடையாது. ஆனால் ஒன்றைப் பிடித்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இது மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்கிற மருந்து, சின்ன வித்தியாசம்கூட டி.எஸ்.எச்.இல் தெரியும். ஸ்டாக் இல்லை என்று வேறு கம்பெனி கொடுத்தால் வாங்கலாம், மாற்றிய தேதியைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டப்பாவை எங்கே வைக்கிறீர்கள்? நிறைய வீடுகளில் காலையில் மறக்காமல் இருக்க அடுப்பு மேடைப் பக்கம், இல்லாவிட்டால் ஜன்னல் திட்டு. நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் அது போதும் மருந்து கெட. சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றும் ஆகாது. வெயில் படாத அலமாரியில், அதே டப்பாவில், மூடியை இறுக்கி வையுங்கள், அதற்குள் இருக்கும் சின்ன பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஏழு நாள் பெட்டியில் பிரித்துப் போடுவதென்றால் அந்த வாரத்துக்கு மட்டும் போடுங்கள்.

வயிற்றெரிச்சலுக்கு பேன்டோப்ரசோல் மாதிரி தினமும் சாப்பிடுகிறீர்களா, ஜெலுசில் மாதிரி திரவம் குடிக்கிறீர்களா? இதையும் சொல்ல வேண்டும், வயிற்றில் அமிலம் குறைந்தால் தைராக்சின் உள்ளே போவதும் குறையும். என்னிடம் வாங்கும் ஒரு பெரியவருக்கு டோஸை ஏற்றிக்கொண்டே போனார்கள், கடைசியில் பார்த்தால் இரண்டு மாத்திரையையும் ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அளத்துக்காரன்:

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நாங்கள் வேதாரண்யம். உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பைத்தான் பரம்பரையாகச் சமையலுக்குப் போடுகிறோம். என் அம்மாவுக்கும் இப்போது தைராய்டு கம்மி என்று சொல்லிவிட்டார்கள், 25 கொடுத்திருக்கிறார்கள். அயோடின் உப்பு சாப்பிடாததால்தான் வந்ததா? பாக்கெட் உப்புக்கு மாறினால் மாத்திரை தேவைப்படாதா?

குடமுருட்டி:

தம்பி, இரண்டு விஷயம் கலந்துவிட்டது. அயோடின் பத்தாமல் போனால் கழுத்தில் வீங்கும், தைராய்டும் குறையும், அதற்காகத்தான் சமையலுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கக்கூடாது என்று 2006-இல் நாடு முழுக்க மறுபடி தடை கொண்டுவந்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், அயோடின் உப்பில் வழக்கமான சமையலிலேயே அது கிடைத்துவிடும். கடற்கரையில் இருப்பதால் உங்கள் அளத்து உப்பில் தானாக நிறைய அயோடின் இருக்கும் என்று நினைக்காதீர்கள், கடல் உப்பு காயும்போது அதில் அயோடின் மிகக் குறைவாகவே மிஞ்சும். அதனால் வீட்டில் குழந்தைகளும் பெண்களும் இருந்தால் அயோடின் உப்புக்கு மாறுங்கள், கல்லுப்பிலேயே அயோடின் சேர்த்தது பாக்கெட்டில் கிடைக்கிறது.

ஆனால் அம்மா வயதில் வருகிற பெரும்பாலான தைராய்டுக் குறைவு, உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சுரப்பியையே தாக்குவதால் வருவது, ஹாஷிமோட்டோ என்பார்கள். ஆன்டி டி.பி.ஓ. என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியும். அதற்கு உப்பை மாற்றினால் மாத்திரை நிற்காது, அயோடினை அளவுக்கு மீறி, சொட்டு மருந்து, கடல்பாசி மாத்திரை என்று ஏற்றினால் இன்னும் கெடவும் செய்யும். 25-ஐ அப்படியே தொடருங்கள்.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டாக்டருக்கு ஃபோன் போட்டேன், படபடப்பு என்றதும் நேரில் வரச் சொல்லி ஈ.சி.ஜி. எடுத்தார், அது நார்மல். கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார், 9.2 வந்திருக்கிறது. மாதவிடாய் எப்படி என்று கேட்டார். போன வருஷத்திலிருந்தே எட்டு நாள் வரைக்கும் போகிறது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இந்த வயதில் வருவதுதான் என்று இருந்தேன். தைராய்டு குறைந்தால் ரத்தப்போக்கு அதிகமாகும், ரத்தம் போனால் இரும்புச்சத்து குறையும், அசதியும் படி ஏறும்போது படபடப்பும் முடி கொட்டுவதும் அதாலும் வரும் என்றார். அளவை மாற்றவில்லை, 75-ஏ. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆறு வாரம் முடிந்துதான் டி.எஸ்.எச். என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்.

நாத்தனாருக்குக் கட்டி என்று சுரப்பியை எடுத்தது எங்களுக்கெல்லாம் தெரியும்தான், அதற்கும் டோஸுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. பயோட்டின் நான் சாப்பிடவில்லை, என் தங்கை ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தாள், கேன்சல் செய்யச் சொல்லிவிட்டேன். மாத்திரை டப்பா மிக்சி பக்கத்தில் இருந்தது, பீரோவுக்குள் போய்விட்டது.

ஒரே குழப்பம்: இரும்பு, கால்சியம், தைராய்டு என்று மூன்றையும் எப்படிப் பிரித்துப் போடுவது?

அரசலாறு:

எனக்கு டாக்டர் பிரித்துக் கொடுத்தது இது: எழுந்ததும் தைராக்சின், மதியச் சாப்பாட்டோடு கால்சியம், ராத்திரி இரும்பு. இரும்பும் தைராக்சினும் நான்கு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும், கால்சியமும் இரும்பும்கூட ஒன்றோடு ஒன்று சேரக்கூடாது. இரும்பு போட்டால் டீ, காபி கிட்டே வரக்கூடாது, எலுமிச்சம்பழச் சாறோடு போட்டால் நன்றாக ஏறும். வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். மலச்சிக்கல் திரும்ப எட்டிப் பார்த்தால் தைராய்டு மோசமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், இரும்பின் வேலை அது.

பார்த்தீர்களா, நீங்கள் பாட்டுக்கு நூறு போட்டிருந்தால் படபடப்பு இன்னும் கூடியிருக்கும், ரத்தம் குறைந்திருப்பது தெரியாமலே போயிருக்கும். அடுத்த தடவை பி12, வைட்டமின் டி-யும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேளுங்கள், நாள் பூராவும் ஆபீசுக்குள் இருக்கிறவர்களுக்கு வெயில் எங்கே படுகிறது. மாமியாரிடம் ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். டி.எஸ்.எச். என்றால் அவர்களுக்குப் புரியாது, ரத்தம் இல்லை என்றால் உடனே புரியும், முருங்கைக்கீரை அடை சுட்டுக் கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

பட்டுக்கோட்டை மெடிக்கல்:

ஒரு நாள் மாத்திரை விட்டுப்போனால் பதற வேண்டாம் அக்கா, அன்றைக்கே ஞாபகம் வந்தால் வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் தெரிந்தது என்றால் என்ன செய்வது என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டப்பா மூடியில் ஆரம்பித்த தேதியைப் பேனாவால் எழுதிவிட்டால் விட்டதா போட்டதா என்ற சந்தேகம் வரும்போது எண்ணிப் பார்த்துவிடலாம்.

வெண்ணாற்றங்கரை:

ஆடிப்பெருக்கு கழிந்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக. அதே லேபில், காலை ஏழு மணிக்கு, மாத்திரை போடாமல் போய் ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். 3.1, ஹீமோகுளோபின் 10.4. 75-இலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார், இரும்பு இன்னும் மூன்று மாதமாவது, ஏறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக்கூடாதாம். முகத்து வீக்கம் போய்விட்டது, குரல் கட்டுவது இல்லை. மதியத் தூக்கம் பாதி குறைந்திருக்கிறது, முழுசாக இல்லை, சில நாள் பழையபடியே இழுக்கிறது. படபடப்பு அபூர்வமாகத்தான். முடி இன்னும் கொட்டுகிறது, எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது, அதற்குமேல் அசையக் காணோம். ரத்தப்போக்கு இந்த மாதம் ஆறு நாளில் நின்றது. அது குறையாவிட்டால் ஸ்கேன் பார்க்க மகளிர் மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறார். காபியை ஆறரைக்குத் தள்ளிவிட்டேன். பழைய 50 டப்பாவைக் கடையில் கொடுத்தால் திருப்பி வாங்கிக்கொள்வார்களா பட்டுக்கோட்டை தம்பி? அளத்துக்காரரே, அம்மாவுக்கு அந்த ஆன்டி டி.பி.ஓ. எடுத்தீர்களா, என்ன வந்தது?